படபடப்போடு பதினாலு கிலோமீட்டர்

2007 பிப்ரவரியில், பௌர்ணமியில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வேலூரிலிருந்து தனியாகத் திருவண்ணாமலை கிரிவலம் போனேன். பக்தி பாதி, வீம்பு பாதி. பெங்களூரில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ பயணம் என்றாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். "பஸ்ல ஏறினாலே உனக்கு வேர்த்துக் கொட்டுது. வேணாம்னு சொல்லிடு" என்றார் அண்ணன்.

காலை 5.15 பஸ், போளூர் வழி, 82 கிலோமீட்டர், 27 ரூபாய். 7.30க்கு இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டேன் (தவிர்க்காதீர்கள், வெறும் வயிறு படபடப்பை ஜாஸ்தியாக்கும்). எட்டு மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன்.

பத்து மணி, அடி அண்ணாமலை. காரணமே இல்லாமல் படபடப்பு வந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். செல்போனை எடுத்து பெங்களூர் நம்பரைத் தேடினேன். வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் நிம்மதி. அதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"அண்ணா, வந்த வழியே திருப்பி பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க."

"இது பாதி வழிம்மா" என்றார் ஆட்டோக்காரர். "திரும்பினாலும் ஏழு கிலோமீட்டர், முன்னால போனாலும் ஏழு. எப்படிப் போனாலும் எம்பது ரூபாதான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, என் மேலேயே. இரண்டு பக்கமும் ஒரே தூரம், அப்போதும் இந்தப் பயம் திரும்பும் பக்கத்தைத்தான் காட்டுகிறது. இத்தனை வருஷமும் இதற்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தேன்? போனைப் பைக்குள் போட்டேன்.

"நீங்க போங்கண்ணா, நான் நடந்துக்கிறேன்."

பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மோர் வாங்கினேன், மூன்று ரூபாய். மூச்சை மெதுவாக விட்டபடி வாட்சைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷத்தில் படபடப்பு அடங்கியது. அரைமணி நேரம்கூட நீடிக்காத ஒன்றுக்காக வேலையை விட இருந்தேன், நல்ல கூத்து.

மீதி ஏழையும் நடந்தே முடித்தேன். நடுவில் இன்னொரு தரம் படபடத்தது. படபடத்துக்கொள் என்று நடந்தேன். 12.40க்குக் கோபுரம்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியில் கூட்டம் தாங்காது, வேறு நாளில் போங்கள். வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும். படபடப்பு வந்தால் உட்காருங்கள், அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பயம் முழுசாகப் போகட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். எனக்கு இன்றுவரை போகவில்லை.

பெங்களூர் விஷயத்தைச் சொல்லவில்லையே. இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்து, வருகிறேன் என்று சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது. அடுத்து அண்ணனுக்கு.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணே?" என்று கத்தினார்.

"என்னைக் கேட்டுத்தாண்ணா" என்றேன்.