நவம் அண்ணை வீட்டில் இல்லாத சொல்

செய்தி வந்தபோது நான் சுவிஸில், சூக் நகரத்து உணவகத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் தகப்பன் பெரிய வங்கிக்காரர். என் கைச் சமையல் இல்லாவிட்டால் மகளின் கல்யாணத்தையே தள்ளிவைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். தொலைபேசியில் துளசி, கூர் நகரத்திலிருந்து. நவம் அண்ணையின் ஒரே மகள்.

“மாமா, அப்பா போயிட்டார். கடைசி மட்டும் ஆஸ்பத்திரியிலை வடிவாப் பாத்தவை.”

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு: “அப்ப வழக்கு, பிள்ளை?”

“அதை இப்ப கேக்காதேங்கோ மாமா,” என்று வைத்துவிட்டாள். அன்றைய குழம்புக்கு நான் இரண்டு தரம் உப்புப் போட்டேன். வங்கிக்காரர் அதையும் புகழ்ந்துவிட்டுத்தான் போனார்.

அண்ணையை அறிந்த உங்களுக்கு அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஒரு தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, தப்பி வந்து, கூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்த மனிதர். அந்த முகாமில் காவல் நின்ற படையாட்கள் இருவர், பின்னாளில் அவர்களும் அகதிகளாகப் பதிந்து, இந்த நாட்டிலேயே வேறொரு மாநிலத்தில் குடியிருந்தது தெரியவந்தது. அப்படிப்பட்ட குற்றம் உலகத்தின் எந்த மூலையில் நடந்திருந்தாலும், செய்தவன் இந்த மண்ணில் நின்றால் இந்த நாடு வழக்குப் போடலாமாம். போட்டார்கள். சாட்சிகளில் ஒருவர் நவம் அண்ணை.

சாட்சி சொல்லத் தலைநகர் பேர்னுக்குப் போகும்போது துணைக்கு ஒரு நம்பிக்கையான ஆளைப் பக்கத்தில் இருத்த, பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது. அண்ணை தெரிவு செய்தது என்னை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, சுவிஸ் சட்டம் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தது! எங்கள் ஊரில் சட்டம் படித்தவர்களுக்கே கிடைக்காத கதிரை அது.

போன அன்று கடும் பனிப்புயல். நெடுஞ்சாலையில் பார வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. என்னுடைய பழைய கார் மட்டும் கலைமான் மாதிரிப் பாய்ந்தது. பேர்னில் விசாரணை அலுவலக வாசலில் நின்ற காவலருக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அண்ணை என் கையைப் பிடித்தார்.

“சிவம், அது தூறல்.”

“பனி மாதிரித்தானே அண்ணை கிடந்தது?”

“தூறல் எண்டால் தூறல். உள்ளுக்கும் இப்பிடிக் கதைச்சுப் போடாதை. நீ கூட்டக் கூட்ட, நடந்தது குறையுது.”

இதை அவர் என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். முகாமில் அவருக்கு நடந்ததைப் பத்தாகப் பெருக்கி அவரிடமே நான் சொல்லிக்காட்டுவதுண்டு. “நீ அங்கை இருந்தனியோ நான் இருந்தனானோ?” என்று கேட்டுச் சிரிப்பார். ஆனால் உண்மையில் நடந்தது என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “இரவிலை கூட்டிக்கொண்டு போய் நல்லாக் கவனிச்சவங்கள்.” அதற்குமேல் ஒரு சொல்லும் வராது.

நீதிமன்றத்துக்கு முன் வாக்குமூலம் எடுக்கிற அறை அது. உள்ளே அரச தரப்பில் வழக்கை நடத்தும் சட்டத்தரணி அம்மா, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. இந்த நாட்டிலேயே, துன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். நல்ல பிள்ளை, தமிழும் நல்ல தமிழ். அண்ணை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். கடைசியில், எழுதி எடுத்ததைச் சாட்சிக்குத் திருப்பி வாசித்துக் காட்டுவது இங்கே முறை. அந்தப் பிள்ளை ஜெர்மன் மொழியில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: “இரவில் எங்களை அழைத்துச் சென்று மிக நன்றாகப் பராமரித்தார்கள்.”

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

“பிள்ளை, அது அந்தக் கவனிப்பு இல்லை,” என்றார் மெதுவாக.

எதிர்த்தரப்புக்காரர் எழும்பிவிட்டார். சாட்சி தன் வாயால் சொன்னதை இப்போது மாற்றுகிறார், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தான் பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குழந்தையைக் கவனி, விருந்தாளியைக் கவனி என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, அடியும் உதையும் அதற்குமேலானதும் அதே சொல்லுக்குள் கிடக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

“நான் முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறன்,” என்றார் அண்ணை. “குளிக்க வாக்கிறன், சாப்பாடு தீத்துறன். மற்ற ஆக்கள் அதைக் கவனிக்கிற வேலை எண்டுவினம். நான் பாக்கிற வேலை எண்டுதான் சொல்லுவன். அந்தச் சொல்லை நான் ஒரு நல்ல காரியத்துக்குச் சொன்னதில்லை. எழுதுங்கோ.”

“அப்படியானால் அந்தக் கவனிப்பு என்றால் என்ன? விவரமாகச் சொல்ல வேண்டும்,” என்றார் சட்டத்தரணி அம்மா.

அண்ணை தண்ணீர் குடித்தார். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னால் அதை நீர் உம்மடை வாயாலை சொல்லவேணும். உமக்கு ஏலுமோ, பிள்ளை?”

அவள் தலையாட்டினாள். அண்ணை சொன்னார். இவ்வளவு காலமும் ஒரு சொல்லைப் போட்டு மூடி வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பிள்ளை இரண்டு இடத்தில் நின்றாள்; நிற்கும்போதெல்லாம் அவர் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் வழியில் பாதித் தூரம் போனபிறகு அவர் கேட்டார்: “என்னடா பேசாமல் வாறாய்? காரிலை ஏதும் பிழையோ?”

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேர்னுக்குத் தொலைபேசி எடுத்து “நாள் வைச்சாச்சோ?” என்று கேட்பதே வேலையாகிவிட்டது. நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நான் இல்லாட்டி என்ரை சொல் நிக்குமோ?” ஓம் என்று அடித்துச் சொன்னேன். உச்ச நீதிமன்ற நீதிபதியே எனக்குச் சொன்னவர் என்றேன். “எப்ப, உன்ரை கடையிலை கொத்துரொட்டி சாப்பிடேக்கையோ?” என்று கேட்டார். ஆனால் அந்தப் பதில் அவருக்குப் போதாமல்தான் இருந்தது.

அவர் போனபின் சட்டத்தரணி அம்மாவிடம் நானே கேட்டேன். எதிர்த்தரப்பை வைத்துக்கொண்டு சொல்லி, கையெழுத்தும் வைத்ததால் நீதிமன்றத்தில் அதை வாசிக்கலாமாம். ஆனால் ‘கவனிச்சவங்கள்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்து அவர்கள் இழுப்பார்களாம். இழுக்கும்போது பதில் சொல்ல ஆள் இல்லை. நாள் இன்னும் வைக்கவில்லை. நான் சமையலறையில் நிற்கிறேன், வெளியே போகிறேன், திரும்பி உள்ளே வருகிறேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

இறுதி நிகழ்வு முடிந்து கூர் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது துளசி என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“மாமா, எங்கடை வீட்டிலை ‘கவனி’ எண்ட சொல்லே இல்லை. சின்னனிலை தமிழ் டீச்சர் ‘கவனி, கவனி’ எண்டு கத்துவா, எனக்கு விளங்கிறதே இல்லை. அண்டைக்கு அந்த அறையிலை அப்பா என்ன சொன்னவர்?”

சுற்றி இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். நான் கதை சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

“கோர்ட்டிலை வாசிப்பினம், பிள்ளை. அவரின்ரை சொல்லிலையே கேள். நான் சொன்னால் கூட்டிப்போடுவன்.”

“நீங்களோ மாமா? கூட்டுறதோ?” என்று அவள் அழுகைக்குள் சிரித்தாள்.

என்னிடம் ஆயிரம் கதை இருக்கிறது. எல்லாம் என் சொந்தக் கைப்பக்குவம். நவம் அண்ணை எனக்கென்று விட்டுப் போனது, நான் கை வைக்காத அந்த ஒன்று. வழக்குக்கு நாள் வைக்கட்டும். அவர் சொன்னதை வாசிக்கையில் துளசிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். போகும் வழியில் தூறினால், தூறல் என்றுதான் சொல்வேன்.