கரிக்கட்டிக்குப் பொட்டு வைத்த ஆயுத பூஜை

ஈரக் கரி எரியும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள்... நனைந்த விறகும் கந்தகமும் கலந்த மாதிரி. இரண்டாயிரம் பிறந்த பிறகான அந்த வருஷங்களில் என் சட்டையெல்லாம் அந்த வாசம்தான்.

முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது என் வேலை. பழுப்பு நிலக்கரி. கட்டியை உடைத்தால் மரத்தின் வரி அப்படியே தெரியும்.

மகள் செல்வி அப்போது காலேஜில் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷ ப்ராஜெக்ட், கரிக்குள் யுரேனியம் இருக்கிறதா என்று பார்ப்பது. அது நன்றாக வந்தால்தான் மேல்படிப்புக்கு இடம். நல்ல கட்டியாக நாலு எடுத்து, யார் கையும் படாமல் வைக்கச் சொன்னாள். பாய்லர் ரூம் அலமாரியில் வைத்தேன். அந்த லோடில் மிச்சமெல்லாம் எரிந்து தீர்ந்தது.

ஆயுத பூஜையன்று வாங்கிப் போக வந்தவள், அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நாலு கட்டியிலும் சந்தனம், குங்குமம்... மேலே பூ வேறு!

கூட வேலை செய்த திருநெல்வேலிக்காரர் சுடலைமுத்து சிரித்தார். "அண்ணாச்சி, பாய்லருக்கு வச்சேன், சம்மட்டிக்கு வச்சேன். நம்ம புள்ள படிக்கிற கல்ல மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"போச்சா சாமி?" என்றேன் செல்வியிடம்.

பொட்டு வைத்த அந்தச் சம்மட்டியையே எடுத்து ஒரு கட்டியைப் பிளந்தாள். உள்ளே சுத்தமான பழுப்பு.

"பொட்டு மேலதானுங்கப்பா. யுரேனியம் இருந்தா உள்ளார இருக்கும்."

சுடலைமுத்து பின்னால் நகர்ந்தார். "ஏ தாயி, வெடிச்சிராதுல்லா?"

"இருந்தாலும் துளியூண்டுதானுங்க மாமா. பூமிக்குள்ள ஓடற தண்ணி, பாறையிலிருந்து அதைக் கரைச்சுக் கொண்டாரும். மக்கின மரம் குறுக்க இருந்தா, புடிச்சு வெச்சுக்கும்."

"துணி சாயத்தப் புடிக்கற மாதிரியா கண்ணு?"

"அப்படின்னே வெச்சுக்கங்கப்பா. நம்ம பட்டறைல ஒரு ஷிப்ட்ல முடியறது, அங்க லட்சக்கணக்கான வருஷமாகுமுங்க."

மேல்தோலைச் செதுக்கித் தள்ளிவிட்டு, உள்கரியைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். யுரேனியம் இருந்தது, துளியூண்டு. இடமும் கிடைத்தது. அந்தச் சேதியைக் கேட்கப் பட்டறை ஆபீஸ் ஃபோன் பக்கத்திலேயே கால் கடுக்க நின்றேன்...

இப்போது நான் பேசப் பேச, கையிலிருக்கும் ஃபோனே இதை எழுதிக்கொள்கிறது. சட்டையில் கரி வாசம் இல்லை. மூக்குதான் சில நேரம் தேடுகிறது.

செல்வி வடக்கே ஒரு லேபில் பாறை பார்க்கிறாள். போன ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சுங்க. கல்லுப் பக்கம் மட்டும் ஒருத்தரையும் விடலீங்க... நானே காவல் நின்னனுங்க!"