அரைமணி அக்கா

“இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு! அதுக்குள்ள எவளாவது குடத்துல டம்ளரை விட்டீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்!”

குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தபடி, மூன்றாவது வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறாள் அக்கா. உள்ளே ஒரு டம்ளர் அவசரமாகக் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்கிறது.

எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். வயிற்றுக்குள் போன பிறகே அதன் யோக்கியதை தெரியும். சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் குளோரின் மருந்தைக் குடத்துக்கு ஒரு மூடி ஊற்றுவது இவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஊற்றி அரைமணி கழித்துத்தான் குடிக்கலாம். அதனால் இவள் பெயர் அரைமணி அக்கா. எழுபது வயதுத் தையல்காரரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்.

நாற்பது குடம் என்றாலும், எதற்கு எப்போது நேரம் முடிகிறது என்பது அவள் தலைக்குள் இருக்கும். மணிக்கட்டில் ஒரு கடிகாரமும் உண்டு. அது நின்று இரண்டு வருடம் ஆயிற்று. மணி கேட்பதெல்லாம் குழாயடிக்கு நேர் எதிரே இருக்கும் என் ஜன்னலில்தான். அந்த வகையில் எனக்கும் இந்தப் பணியில் பங்கு உண்டு என்று பெருமைப்பட்டுக்கொள்கிறேன். ஒருமுறை இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டேன். “படிச்சவங்களே இப்படிப் பண்ணினா எப்படி சார்?” என்று தெருவே கேட்கும்படி மானத்தை வாங்கிவிட்டாள்.

அந்த வாய், மருந்து அளக்கும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும். வீடு பற்றி எரிகிறது என்றாலும் பதில் வராது. காரணம் அவள் நாத்தனார். நான்கு மாதத்துக்கு முன், அக்கா நாத்தனாரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே அவள் குடத்தில் மூன்று மூடி ஊற்றிவிட்டாள். ஒரு வாய் குடித்த நாத்தனார், “என்னைக் கொல்லப் பாக்குறியா?” என்று குடத்தைத் தெருவில் கவிழ்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். “தப்பு என் மேலதான்” என்று அக்கா இரண்டு தடவை வாசல் வரை போய்ச் சொல்லிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் அக்காவின் மகளை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டது. இந்த வருட மழை தொடங்கிவிட்டது. நாத்தனாரின் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டது. இனித் தண்ணீர் கொடுக்க ஆரம்பிப்பார்கள். “அவளுக்கு என் மேல கோவம், சரி. அந்தப் பொடிசு என்ன சார் பண்ணுச்சு?” என்றாள் அக்கா.

நேற்று மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் நாத்தனார் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் குழாயில் பிடித்த ஒரு சொம்புத் தண்ணீர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “இவனுக்கு மட்டும்தான். எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றாள்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சொம்புக்குச் சொட்டுக் கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று சொட்டு விட்டாள். சொம்புக்கு மூடி இல்லை. தன் டிபன் பாக்ஸ் மூடியை மருந்து போட்ட தண்ணீரில் அலசி, சொம்பின் மேல் வைத்தாள்.

“மணி என்ன சார்?”

“ஒண்ணு பத்து” என்றேன்.

நாத்தனார் போகவில்லை. திறந்து கிடந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். பிறகு, “சாப்பாட்டுல ஈ மொய்க்குது அண்ணி. அந்த மூடியை எடுத்து மூடிக்கங்களேன்” என்றாள்.

அக்கா இடது கையால் ஈயை விரட்டினாள். வலது கை ஒன்று நாற்பது வரை சொம்பின் மூடியை விட்டு நகரவில்லை.