பழைய நிரையை நம்பி வெட்டிய கான்

எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. போன வருஷம் ஆடி மாதம் அதில் எட்டுக்குப் பூட்டுத் தொங்கியது. திறந்திருந்தவை இரண்டுதான். முதலாவது காம்பராவில் நான். ஆறாவதில் சுதர்ஷினி.

என் பெயர் பவளாயி. மடுல்சீமைக்கு மேலே இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன், இங்கேதான் முப்பத்து நான்கு வருஷம் கொழுந்து எடுத்தேன். வீட்டுக்காரர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் கொழும்பில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். பேத்தி, "அப்பாயி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போன் வேறு கைக்குப் போய்விடும்.

எதிர் மலையில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தபோது லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்கும் கடதாசி வந்தது. பெருவிரலை மையில் தொட்டு வைத்தால் போதும் என்றார்கள். நான் வைக்கவில்லை. அந்த வீடுகள் நல்ல வீடுகள்தான், குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் தோட்டத் தலைவர் வந்து கேட்டபோது ஏதோ கோபத்தில் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதை மறுநாள் எப்படி மாற்றிச் சொல்வது?

சுதர்ஷினிக்கு முப்பத்தாறு வயது. புருஷன் தயாபரன் கொழும்பில் மேசன் வேலை செய்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். பிள்ளை இல்லை. அவள் காம்பராவுக்குப் பின்னால் சமைக்கத் தகரம் போட்டு ஒரு குசினி இறக்கியிருந்தாள். அந்தக் குசினியின் தகரக் கதவு காலையில் கிரீச் என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பு மூட்டுவேன். ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்து கதவைத் திறக்கவில்லை. நான் பத்து மணி வரைக்கும் தேத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

தண்ணீரில்தான் வினை வந்தது. புது வீடுகளுக்குக் குழாய் போனதிலிருந்து மலைத் தண்ணீர் விழுகிற எங்கள் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மழையில்லாத கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அந்த நூலும் அறுந்தது. கீழ்ப் பீலிக்கு அறுபத்தெட்டுப் படி இறங்கி ஏற வேண்டும். ஒரு நாள் சுதர்ஷினி இரண்டு வாளியையும் என் வாசலில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனி என்னால முடியாது பெரியம்மா. சட்டி கழுவுறதுக்கு ஒரு நடை, துணி அலசுறதுக்கு ஒரு நடை. பேசாம நானும் அங்கிட்டே போயிறலாம்னு இருக்கு."

"போ. யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. அன்றைக்குச் சாயங்காலமே நான் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் இடம் பார்த்தேன். என் மரக்கறிப் பாத்திக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் அடியில் எந்தக் காலத்திலும் கொஞ்சம் ஈரம் கசியும். அந்த ஈரத்தைச் சேர்த்து வைக்க ஒரு குளம் இருந்தால், சுதர்ஷினி படி இறங்க வேண்டாம். படி இறங்க வேண்டாம் என்றால் அவள் ஏன் போகப்போகிறாள்? என் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் மம்பட்டிப் பிடியை வைத்து நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு இரண்டு அளந்தேன். மூலைகளில் குச்சி நட்டேன். மேலே இருந்த கறுத்த மண்ணைப் பாத்திக்குப் போட்டேன். கீழே வந்த செம்மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி மிதித்து வரம்பு கட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவுதான் வெட்ட முடிந்தது. முழங்கால் ஆழத்தில் ஒரு கல் குறுக்கே படுத்திருந்தது. அலவாங்கு போட்டு நெம்பி, பக்கத்து மண்ணைத் தோண்டி, மறுபடி நெம்பி, ஐந்தாம் நாள்தான் அது அசைந்தது.

சுதர்ஷினி கொழுந்து வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற வழியில் நின்று பார்ப்பாள்.

"என்னா பெரியம்மா, நீச்சல் பழகப் போறீங்களா?"

"ஆமா. நீயும் வா, ஒண்ணா முங்குவோம்."

"தேங்குன தண்ணியில நுளம்பு வளக்குறீங்கன்னு சொல்லி சுகாதார ஆளுங்க வந்து நிக்கப் போறாங்க."

"ஓடையில மீன் குஞ்சு புடிச்சு விடுவேன். அது தின்னுறும். நீ பெரட்டுக்கு நேரமாச்சு, போ."

அவள் சிரிப்பாள். ஆனால் ஏதோ சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொள்வது போல இருக்கும். வெயிலில் கண்ணைச் சுருக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடுப்பளவு ஆழம் ஆனதும் பசறைக்கு பஸ் ஏறிப் போனேன். குளத்தைக் கழுவ வேண்டி வந்தால் அடித் தண்ணீரைத் திறந்துவிட ஒரு குழாய்த் துண்டும் மூடியும் வேண்டும். ஸரூக்கின் இரும்புக் கடையில் கேட்டேன். அவர் குழாயை அறுத்துக்கொண்டே கேட்டார்.

"அடித் தண்ணிக்கு இது சரி. மழை காலத்துல மேல பொங்குற தண்ணி எங்க போகும் ஆச்சி? அத யோசிச்சீங்களா?"

"கான் வெட்டி ஓடையில விட்டுருவேன்."

"மட்டம் யாரு பாக்குறது?"

"நான் பாக்காத மட்டமா தம்பி? மலையிலயே நின்ன காலு இது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

குளத்தின் அடிக்கும் சுவருக்கும் களிமண் பூச வேண்டும். ரோட்டு வளைவில் மண் வெட்டிய இடத்திலிருந்து கூடை கூடையாகச் சுமந்தேன். கொழுந்துக் கூடை மாதிரியே கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டேன், பழகிய பாரம் அதுதான். தண்ணீர் தெளித்து, குதிகாலால் மிதித்து மிதித்து, விரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற பதம் வரும் வரைக்கும் குளத்துக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த நாட்களில் பேச்சுச் சத்தம் என்றால் என் மூச்சும் மண் சப்பென்று ஒட்டி விடுகிற சத்தமும்தான்.

பிறகு கான். கான் என்பது மழைத் தண்ணீரை மலைக்குக் குறுக்கே மெதுவாக நடத்திக்கொண்டு போகிற வாய்க்கால். குளம் என் காம்பராவுக்குப் பின்னால். ஓடை பத்தாவது காம்பராவையும் தாண்டி. நடுவில் எல்லாக் காம்பராவுக்கும் பின்னால் ஒரே கோடாக ஒரு பழைய தேயிலை நிரை போகிறது. கவ்வாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகள். நான் வேலை செய்தது வி.பி. மலை, தண்டு வெட்டி மட்டம் பார்த்து நட்ட புதுத் தேயிலை. அங்கே நிரை என்றால் அதுதான் மட்டம். ஒரு நிரையில் கால் வைத்தால் முடிகிற வரைக்கும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். முப்பத்து நான்கு வருஷம் என் கால் அதை நம்பி நடந்தது. அதனால் அந்த நிரையை ஒட்டியே முழங்கால் ஆழத்துக்கு, ஓடைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டி, கான் வெட்டிக்கொண்டு போனேன். குளத்தின் வாயில் பெரிய கல்லைப் பதித்துத் தண்ணீர் வழிய இடம் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாளில் குளம் நிரம்பியது. நாலாம் நாள் பகல் கல்லின் மேல் தண்ணீர் வழிந்து கானுக்குள் இறங்கியதைப் பார்த்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஆறாவது காம்பராவிலிருந்து சத்தம் கேட்டது.

"பெரியம்மா! ஏ பெரியம்மா! இங்க வந்து பாருங்க நீங்க செஞ்ச வேலய!"

ஓடினேன். அவளுடைய குசினிக்குள் கணுக்கால் வரைக்கும் சிவப்புத் தண்ணீர். அடுப்பு கரைந்து சேறாகிக் கிடந்தது. விறகு மிதந்தது. சோற்றுப் பானையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் நடுவில் நின்றாள்.

"ஒங்க குளம் வேணாம்னு நான் சொன்னேனா? வேணும்னு சொன்னேனா? எனக்கு எதுக்கு இந்தத் தண்ணிய அனுப்புறீங்க?"

மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, குளத்தின் வாயை மண்ணால் அடைத்தேன். அடித் தண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீரை என் பாத்தியின் மேலேயே விட்டேன். லீக்ஸ் நாற்று அத்தனையும் போனது. போகட்டும்.

மழை விட்ட பிறகு நிரைக்குள் புகுந்து பார்த்தேன். அது விதைத் தேயிலை. வெள்ளைக்காரன் காலத்தில் கயிறு பிடித்து நேராக நட்டது. மலை வளைகிற இடத்தில் நிரை வளையவில்லை. சுதர்ஷினியின் குசினிக்கு நேர் மேலே நிலத்தில் ஒரு பள்ளம். நிரை அதற்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போகிறது. நானும் அதன் பின்னாலேயே இறங்கி ஏறி வெட்டியிருக்கிறேன். இறங்கிய தண்ணீர் ஏற முடியாமல் அங்கேயே பொங்கி அவள் குசினிக்குள் விழுந்திருக்கிறது. வளர்ந்த செடி பள்ளத்தை மறைத்துவிட்டது. காலாவது சொல்லியிருக்க வேண்டும், அதுவும் சொல்லவில்லை. நிரை என்றதும் அது யோசிப்பதை விட்டுவிட்டது.

மறுநாள் வெளிச்சத்துக்கு அவளுடைய அடுப்பைப் போட்டுக் கொடுக்கக் களிமண்ணோடு போனேன். சுதர்ஷினி தடுக்கவில்லை. அடுப்பின் மூன்றாவது குமிழை நான் வைத்தபோது உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து போட்டாள். கண்ணாடி மாதிரியான நீளக் குழாய்.

"அவரு வேலக்கி வச்சிருந்தது. இதுல தண்ணி ஊத்தி ரெண்டு முனையிலயும் புடிச்சா மட்டம் தெரியும். எந்திரிங்க. திரும்ப ஒரு தரம் ஏங் குசினி மெதக்கக் கூடாது."

"வேலக்கிப் போகலியா நீ?"

"ஒரு நாளு போகாட்டித் தேயில ஒண்ணும் அழுதுறாது."

அன்றைக்குப் பகல் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் மலையில் நின்றோம். குழாயின் ஒரு முனை என் கையில், மறு முனை அவள் கையில், ஒரே உயரத்தில் வெட்டுப் போட்ட குச்சி ஆளுக்கு ஒன்று, நடுவில் செடிகள். ஆளை ஆள் தெரியாது. கத்தித்தான் பேச வேண்டும்.

"எங்கிட்டு நிக்குது தண்ணி?"

"ஏந் தொப்புளுக்கு நேரா நிக்குது!"

"ஒந் தொப்புள வச்சு நான் என்னத்த அளக்குறது? குச்சியில பாத்துச் சொல்லு!"

"குச்சியில வெட்டுக்கு ரெண்டு விரல் மேல!"

"அப்ப நீ ரெண்டு விரல் தாந்து நிக்கிற. சரி, அங்கயே அடி!"

பத்து அடிக்கு இரண்டு விரல் இறக்கம் என்று வைத்துக்கொண்டு குச்சி அடித்துக்கொண்டே போனோம். பள்ளம் வந்த இடத்தில் குச்சிகள் நிரையை விட்டு விலகி, மேல் நோக்கி வளைந்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போயின. வழியில் மூன்று தேயிலைச் செடி நின்றது. அதன் வேரைத் தோண்டி எடுக்கும்போது எனக்குக் கை கூசியது. சுதர்ஷினி அலவாங்கை வாங்கி அவளே நெம்பினாள். பகல் சோற்றை ஒரே கோப்பையிலிருந்து தின்றோம். எனக்கு அந்த நாள் முடிய வேண்டாம் போல இருந்தது.

புதுக் கான் வெட்டி முடிய எட்டு நாள் ஆனது. கார்த்திகை மழையில் இரண்டு பேரும் அவள் குசினிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். தண்ணீர் வளைவில் திரும்பி, ஒரு சொட்டும் கீழே விடாமல் ஓடைக்குப் போனது.

"பாத்தியா? இனிப் படி எறங்க வேணாம். சட்டி கழுவ, துணி அலச, எல்லாத்துக்கும் இங்கயே தண்ணி. ஒனக்குந்தான் வெட்டுனேன்" என்றேன். அது வரைக்கும் வாயில் வராதது அன்றைக்கு வந்துவிட்டது.

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கையெழுத்து வச்சிட்டேன் பெரியம்மா. தை பொறந்ததும் புது வீட்டுச் சாவி."

"எப்ப வச்ச?"

"ஆடியில. வாளியக் கொண்டாந்து ஒங்க வாசல்ல வச்சேனே, அதுக்கு மறுநாளு."

நான் குச்சி நட்ட நாள் அது.

"ஏன்டி சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுறது? நீங்க மம்பட்டியும் கையுமா நின்னீங்க. நாளைக்கிச் சொல்லுவோம், நாளைக்கிச் சொல்லுவோம்னு இருந்தேன். நீங்க வெட்டிக்கிட்டே போனீங்க."

பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்களும் வாங்களேன். ஒங்க பேருக்கு இன்னும் வீடு கெடக்குன்னு தலைவரு சொன்னாரு. ஒரு வெரல் வைக்கிறதுக்கு என்னா?"

"கொளத்த யாரு பாக்குறது?" என்றேன்.

எனக்கே அது பதிலாகப் படவில்லை. ஆனாலும் சொன்னேன்.

தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் தயாபரன் லொறியோடு வந்தான். கட்டில், அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் ஏறியது. சுதர்ஷினி குளத்தோரத்தில் நான் நட்டிருந்த வல்லாரையில் ஒரு பிடி வேரோடு பிடுங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மட்டக் குழாயை என் வாசலில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். மண்ணு எறங்குனா ஒங்களுக்குத் தேவப்படும்."

லொறி வளைவு திரும்பும் வரைக்கும் நின்றேன். எதிர் மலைதான், தூரம் இல்லை. சாயங்காலம் அங்கே விளக்குப் போடுவது இங்கிருந்து தெரியும். எந்த விளக்கு அவளுடையது என்று மட்டும் தெரியாது.

போன கிழமை பெரிய மழை. காலையில் கானைப் பார்க்கப் போனேன். ஆறாவது காம்பராவுக்கு மேலே வளைவில் மண் இறங்கி அடைத்திருந்தது. குசினி காலியாகத்தான் கிடக்கிறது, தகரத்தைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போட்டுக் கொடுத்த அடுப்பு மட்டும் இருக்கிறது. என்றாலும் அதற்குள் தண்ணீர் போக நான் விடமாட்டேன்.

மண்ணை வாரிவிட்டு, மட்டம் பார்க்கக் குழாயை விரித்தேன். ஒரு முனையைத் தேயிலைச் செடியில் கட்டினேன். மறு முனையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு நடந்து, குச்சியில் தண்ணீர் நிற்கிற இடத்தில் கத்தியால் கீறினேன். பிறகு அந்த முனையையும் ஒரு செடியில் கட்டிவிட்டு, முதல் முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் திரும்பி நடந்தேன். பார்த்துவிட்டு மறுபடி அங்கே நடந்தேன்.