தெரிந்த ஆட்கள்

ஒஸ்லோவில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் கொம்பனியில் நான் தொழிற்சங்கப் பிரதிநிதி. பதவி கேட்கப் பெரிதாக இருக்கும். கூட்டத்துக்குக் கோப்பி ஊற்றுவதும், கதிரை அடுக்குவதும், மற்றவர்களின் முறைப்பாட்டைக் காதில் வாங்குவதும்தான் வேலை. வேறு யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள்.

நிரந்தர வேலைக்காரரில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துத் தமிழர். வாடகைக்கு ஆள் அனுப்பும் கொம்பனி மூலம் வருபவர்கள் எரித்திரியா, சோமாலியா, காம்பியா என்று எல்லோருமே கறுப்பர்கள். 'நாளைக்கு வேலை இல்லை' என்று கைபேசியில் ஒரு வரி வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். கழிவறைகளும் கார் நிறுத்தும் நிலக்கீழ்த் தளமும் அவர்கள் பாடு. எங்கள் ஆட்கள் அவர்களை நிறத்தை இழித்துக் 'காப்பிலி' என்பார்கள், தாங்கள் ஏதோ பாலில் குளித்து வந்ததுபோல. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களில் ஒருத்தி காம்பியாக்காரி. நகருக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமிலிருந்து முதல் ரயிலில் வருவாள். நான்கு வருடமாக நிரந்தர இடத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். அது கிடைத்து நிலையான வருமானம் காட்டினால்தான் ஊரில் விட்டுவந்த மகளைக் கூப்பிட முடியும். மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. பதினெட்டானால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நிறம் பார்த்துத்தான் இவர்களை ஒதுக்குகிறார்கள் என்று ஒரு மனு எழுதினேன். பதினொரு கறுப்பர்களும் வேலை போகலாம் என்று தெரிந்தே கையெழுத்து வைத்தார்கள். பிறகு எங்கள் ஆட்களிடம் கொண்டுபோனேன். என்னோடு நெடுங்காலமாக வேலை செய்யும் அண்ணை ஒருவர் பேனையைத் தொடக்கூட இல்லை.

"தம்பி, உனக்கேன் தேவையில்லாத வேலை? வந்த இடத்திலை பேசாமல் இருப்பம்."

"அண்ணை, அந்தக் காம்பியாப் பிள்ளை நாலு வரியமாய்க் கேட்டுக்கொண்டு நிக்குது."

"ஓம், பாவந்தான். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

அந்தப் பதினொரு கையெழுத்தோடும் என்னுடையதோடும் முகாமையாளரிடம் போனேன். அவர் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மனிதர் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"நிரந்தர இடம் விழுந்தால் நான் உங்கள் ஆட்களிடம்தானே தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறேன்? நீங்கள்தானே கொண்டுவருகிறீர்கள்? கடைசி இடத்துக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். நீ யாரைக் கொண்டுவந்தாய்?"

அவர் நழுவுகிறார் என்று தெரிந்தது. அவள் விண்ணப்பத்தைத் திறந்தும் பாராமல் எங்களிடம் ஆள் கேட்டது அவர்தான். ஆனால் அவர் கேட்டதும் பொய்யில்லை. நான் கொண்டுவந்தது என் மனைவியின் தம்பியை. சொந்தக்காரன் ஒருவன் வந்தால் அவனை ஒரு வேலையில் சேர்த்துவிடுவது எங்களுக்குக் கடமை. செய்யாவிட்டால் கொண்டாட்டங்களில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு யார் காத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

மனு தொழிற்சங்கத்தின் மேலிடத்துக்குப் போனது. நிரூபிக்கக் கடினம், காலம் எடுக்கும் என்றார்கள். அதற்குள் இன்னொரு இடம் விழுந்தது. முகாமையாளர் அண்ணையிடம் ஆள் கேட்டார். அண்ணையின் மருமகன் வந்து சேர்ந்தான். என்னிடம் முகாமையாளர் அதற்குப் பிறகு ஆள் கேட்பதே இல்லை.

சாப்பாட்டு அறையில் அவளிடம் மைத்துனன் விஷயத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"அப்படித்தான் வேலை கிடைக்குமென்றால், அடுத்த முறை என் பெயரைச் சொல்வாயா?"

என் வாக்குக்கு இனி அங்கே மதிப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "சொல்கிறேன்" என்றேன்.

அவள் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, நான் பிழையாகச் சொல்லிவிடாமல் இருக்க, தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள்.