மறியல் மரத்தைத் தாண்டிய ரயில்

புதிதாக வேலைக்கு வரும் பால்வாடி டீச்சர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "இருபது வாண்டுங்கள எப்படிக்கா மேய்ச்சீங்க?" கயிற்றை வைத்துத்தான். நீளக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. "கூ" என்று கத்தினால் ரயில் கிளம்பிவிடும்.

ஆனால் என்னிடம் இரண்டு கயிறு இருந்தது. சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் மையம் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில். கரும்பு டிராக்டர் போகும் ரோட்டோடு ஒரு பர்லாங் நடந்தால் காலனி. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கயிறு, காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு கயிறு. யாரும் கட்டச் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று நானே கட்டினேன். ஊர்க் கயிற்றை உதவியாளர் பச்சையம்மாள் பிடிப்பாள், காலனிக் கயிற்றை நான்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் மறியல் நடத்திய நாட்கள் அவை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இரு பக்கமும் சேற்று வயல். பஸ் ஓடாததால் மணலூர்பேட்டையிலிருந்து பச்சையம்மாள் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேரை நானே கூட்டி வந்துவிட்டேன். காலனியில் பன்னிரண்டு பேர். கூலி வேலை நின்றுபோன வீடுகள் அவை. எங்கள் மதியச் சோறுதான் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைய சோறு. ரோட்டில் கூட்டத்தைப் பார்த்துப் பெற்றவர்கள் அனுப்பப் பயந்தார்கள். நான் போய்த்தான் ஆக வேண்டும். எட்டு வாண்டுகளைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. இரண்டு கயிற்றைப் பிடிக்க ஆளும் இல்லை. வருவது வரட்டும் என்று ஒன்றை ஆணியிலேயே விட்டுவிட்டு, நீளமான கயிற்றில் அவர்களைப் பிடிக்கவைத்துக் கிளம்பினேன்.

மரத்தருகே நின்ற கூட்டத்தில் முன்னால் ஏழுமலை. அவர் மகன் குமார்தான் என் ரயிலின் முதல் முடிச்சு.

"இன்னா டீச்சர், எந்த வண்டியும் போவக் கூடாதுன்னு சொல்லிக்கினு கீறோம், நீங்க பாட்டுக்கு வர்றீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் குமார் முந்திக்கொண்டான். "இது ரயிலுப்பா! ரயிலு நிக்காது! கூ...!"

கூட்டமே சிரித்துவிட்டது. ஏழுமலையும் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

காலனியில் ஒரு தாய் தயங்கினாள். "ஒரே கயித்துலயா டீச்சர்? எதுனா பிரச்சன ஆயிடப் போவுது."

"நான் பாத்துக்கறேன், அனுப்பு" என்றேன். பன்னிரண்டு பேரையும் பின்னாலிருந்த முடிச்சுகளில் பிடிக்கவைத்தேன்.

திரும்பி வந்தோம். முன்னால் வந்த ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேரையும் ஏழுமலை தூக்கி இறக்கினார். ஒன்பதாவது முடிச்சு காலனிப் பெண் செல்வி, மூன்று வயது. தன் முறை வந்துவிட்டதென்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குமார் கத்தினான். "யப்பா, சீக்கிரம் தூக்கு! ரயிலுக்கு நேரமாவுது!"

ஏழுமலை குனிந்தார். தூக்கினார். அப்புறம் அடுத்தவன், அதற்கடுத்தவள். கடைசியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இன்னும் எத்தினி பெட்டி டீச்சர்? முதுவு போச்சு!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அன்று நானே உலை வைத்தேன். இருபது பேரும் கயிற்றில் வந்த வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஊர்ப் பெண்ணொருத்தி சண்டைக்கு வந்தாள். "எங்க புள்ளைய தனியா கூட்டிக்கினு வாங்க."

"மரத்தாண்ட போய் ஏழுமல அண்ணனக் கேளுங்க" என்றேன். போனவள் திரும்பி வரவில்லை, அவள் பிள்ளை தவறாமல் வந்தது.

புது டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாரும் கேட்காத கயிற்றை நீங்களாகக் கட்டாதீர்கள். பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

மறியல் முடிந்து பஸ் விட்டதும் பச்சையம்மாள் வந்து கயிறு மாட்டும் ஆணியைத் தடவினாள்.

"இன்னா டீச்சர், ஒரு கயிறுதான் கீது. இன்னொன்னு எங்க?"

"கெணத்து வாளிக்குக் கட்டிட்டேன்."