ஏரிக்கரைச் சாலையில் குடை பிடிக்கும் முறை

சீசனில் உதகமண்டலத்துக்கு வரும் உறவினர்களுக்கு ஏரிக்கரையைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. ஊரைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் படித்து வைத்திருப்பதற்குக் கிடைத்த தண்டனை அது. ஏரி வெட்டிய ஆண்டை ஒரு புத்தகம் ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் சொல்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் துரைமார். ஆகவே இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஏரி எல்லோருக்கும் பொது, கரை அப்படியல்ல. எங்கள் பஜார்ச் சாக்கடை யாரையும் கேட்காமல் நேராக ஏரிக்குப் போய்விடும். பஜார்க்காரர்கள் போவதானால் சில மரியாதைகள் உண்டு. கரைமேல் இருக்கும் பங்களாக்களுக்குச் சீமை ஊர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த ஏக்கம். மேட்டுப்பாளையத்தை விட்டு வந்த ஏக்கம் எங்களுக்கும் உண்டு. கடைக்கு அந்தப் பெயரை வைத்தால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள்.

மரியாதைகளில் தலையாயது குடை. எதிரே துரை வந்தால் மடக்கிவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சட்டத்தில் இல்லாததால் விலக்கும் இல்லை, மழையும் விலக்கல்ல.

ஒரு வைகாசிச் சனிக்கிழமை, என் அக்காவின் கணவருக்கு இந்த விஷயம் பெரிய சிக்கலாகிவிட்டது. அவர் பஜாரில் தையல்காரர். ஏரிக்கரைத் துரைசாணி ஒருவர் அன்றிரவு நடனத்துக்குப் போட ஒரு பட்டு கவுன் தைக்கச் சொல்லியிருந்தார். அது பிடித்துப்போனால் மற்ற பங்களாக்களின் தையலும் வரும். கெட்டால் எல்லாம் வெள்ளைக்காரர் கடைக்குப் போய்விடும். மச்சான் மிஷினைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

மடித்தாலோ துணியால் மூடினாலோ கொசுவங்கள் நசுங்கிவிடும். அதனால் கவுனைத் தலையில்லாத மரப் பொம்மையின் மேலேயே விட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் மழை பிடித்தது. மச்சான் குடையை விரித்துப் பொம்மைக்குத் தாழ்வாகப் பிடித்தார். நாங்கள் வெளியே நனைந்தோம்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

"தொரெ வர்றாருங்க மச்சான். குடெ?"

"மடக்குனா பட்டு போச்சு. மடக்காட்டி நான் போச்சு."

"அப்புறம்?"

"நான் போனாப் போவுது. நீ பொம்மெயெ நேராப் புடி மாப்ளே."

துரை குதிரையை இழுத்து நிறுத்தினார். மூட்டத்தில் அவருக்குத் தெரிந்தது குடையின் கீழே ஒரு பட்டு கவுனும், பக்கத்துக்கு ஒருவராக நனையும் இரண்டு வேலைக்காரர்களும். உடனே குதிரையைச் சாலையோரச் சேற்றில் இறக்கினார். தொப்பியைக் கழற்றினார். "குட் ஆஃப்டர்நூன், மேடம்" என்றார்.

"பதில் சொல்லோணுமா மாப்ளே?" என்று முணுமுணுத்தார் மச்சான்.

"மேடத்துக்குத் தலையே இல்லீங்க. நடங்க."

நடந்தோம். நாங்கள் கடந்து போகும்வரை துரை வெறுந்தலையில் மழை வழிய நின்றார். மரியாதைக்காக ஒரு துரை நனைந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயர்ந்த இடத்துப் பெண்கள் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

பங்களாவில் கவுன் முன்வாசல் வழியாக உள்ளே போனது. நாங்கள் சமையற்கட்டுப் பக்கம் போய் நின்றோம். துரைசாணி பட்டைத் தடவிப் பார்க்கிறாராம், கண்ணாடி முன் நிற்கிறாராம் என்று ஒவ்வொன்றாகப் பட்லர் வந்து சொல்லச் சொல்ல, மச்சான் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தார். கடைசியில் துரைசாணியே கதவுவரை வந்தார். எங்களைப் பார்த்து முகம் சுளித்து, பட்லரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"என்னங்க சொன்னாங்க?" மச்சான் பட்லரைப் பிடித்துக்கொண்டார்.

"கவுனு நல்லாருக்குதாம். அடுத்த சனிக்கெழமெக்கு அவங்க தங்கச்சிக்கு ஒண்ணு வேணுமாம்."

"அதுக்கா மூஞ்சியெச் சுளிச்சாங்க?"

"அது வேறெ. குடெயெக் கையில வெச்சுக்கிட்டு இப்பிடி நனஞ்சு வர்றீங்களே, இந்த ஊர் ஆளுங்களுக்குக் குடெ புடிக்கக்கூடத் தெரியாதாங்கறாங்க."

மச்சான் கைகூப்பினார். "அடுத்த வாட்டி பழகிட்டு வர்றனுங்க" என்றார், தங்கையின் அளவை வாங்கிக்கொண்டு.